காறை எலும்புக்கு ஒரு விரல் கீழே

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம் என்பது எங்கள் மருத்துவமனையில் காவலாளி வரைக்கும் தெரியும். கழுகுக் கண் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்தவள் நான். புனேயில், ஹடப்சர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. அவசர சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு எடுக்கும் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் படங்களைப் பார்த்து எங்கே என்ன அடிபட்டிருக்கிறது என்று சொல்வது என் வேலை. பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன். நோயாளிகளின் மண்டையோடு, குடல், முதுகெலும்பு எல்லாம் எனக்கு அத்துப்படி. முகத்தை மட்டும் பெரும்பாலும் பார்த்ததில்லை. லிஃப்டில் பக்கத்தில் வந்து நின்றால் யாரோ எவரோதான்.

கேசுவால்டி என்கிற அவசர சிகிச்சைப் பிரிவுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. படம் என் திரைக்கு வந்ததும் முதலில் போனில் வாய்மொழியாகச் சொல்லிவிட வேண்டும். கீழே டாக்டர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். அவரைச் சுற்றி உறவினர்கள் மராத்தியிலும் ஹிந்தியிலும் கத்திக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கும். "மண்டையில் ரத்தக்கசிவு இல்லை, கழுத்து எலும்பு நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் அவர் மூச்சு விடுவார். எழுத்து அறிக்கை அப்புறம் போகும். ஒரு படத்தை மூன்று நிமிடத்தில் சொல்லி முடிப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த மூன்று நிமிடத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

எங்கள் துறைத் தலைவர் மராத்திக்காரர். அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் பிடித்தால் குரங்குப்பிடி. அவருக்கு ஓய்வு பெறுவதற்குள் ஓர் ஆய்வு செய்துவிட வேண்டும் என்று ஆசை. அவசரத்தில் நாங்கள் சொன்ன முதல் அறிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதுதான் ஆய்வு. கடந்த ஒரு வருடத்துப் படங்களில் ஒரு கட்டை எடுத்து, பெயர், வயது, தேதி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் எண் போட்டுக் கொடுப்பார். நானும் எங்கள் துறையிலேயே இளையவனான இன்னொரு மருத்துவனும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல், அவற்றை மறுபடி படிக்க வேண்டும். அப்புறம் அவர் பழைய அறிக்கையோடு ஒப்பிடுவார். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் அவர் அலமாரியில் பூட்டி இருந்தது.

"முதலில் படித்தது யார் என்பதும் தெரியாது. யார் தப்புச் செய்தார்கள் என்று தேட வேண்டாம். எங்கே தப்பு நடக்கிறது என்று தேடுவோம்" என்றார்.

"சர், என் படத்தில் தப்பு இருந்தால் உங்களுக்கு மிசல் பாவ் விருந்து" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். படிக்கும்போது உயிருக்கு ஆபத்தான எதையாவது முன்பு யாரும் பார்க்காமல் விட்டிருப்பதாகத் தோன்றினால், அந்த நிமிடமே அவரிடம் சொல்ல வேண்டும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. உடனே பூட்டைத் திறந்து ஆளைத் தேடுவோம். அதற்குத் தலையாட்டியவர்களில் முதல் ஆள் நான்.

சனிக்கிழமை காலைகளில் உட்கார்ந்து படித்தோம். படிப்பறையில் ஜன்னல் கிடையாது, விளக்கும் அணைந்திருக்கும், திரைகளின் வெளிச்சம் மட்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு படிவம். கழுத்து எலும்பு பார்த்தாயா, ரத்தக்குழாய் பார்த்தாயா, நுரையீரலின் உச்சி பார்த்தாயா என்று வரிசையாகக் கட்டங்கள், டிக் போட வேண்டும். எல்.கே.ஜி. குழந்தைக்குக் கொடுப்பதுபோல் இருக்கிறதே என்று நான் முதல் வாரம் சலித்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த இரண்டாவது சனிக்கிழமை. ஒரு கழுத்து ஸ்கேன் வந்தது. விபத்தில் வந்தவருக்கு மண்டையின் அடியிலிருந்து மார்பின் மேல்பகுதி வரைக்கும் எடுப்போம், அந்த வகை. முதல் படத்திலேயே வலது காதில் உலோகம். படத்துக்குள் உலோகம் இருந்தால் அதிலிருந்து வெள்ளைக் கோடுகள் நாலாபக்கமும் தெறிக்கும். இங்கே அந்த உலோகம் சின்ன வளையமாக, காதின் மேல்மடலில் இருந்தது. இந்தப் பக்கத்து ஆண்கள் சிலர் முத்துக் கோத்த வளையம் ஒன்றை மேல்காதில் போடுவார்கள், பிக்பாளி என்று பெயர். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு குரல் ஞாபகம் வந்தது. ஜூன் மாதம், மழை கொட்டிய ஒரு மத்தியானம். ஸ்கேன் அறையிலிருந்து போன்: "மேடம், பேஷண்ட் காதுல பிக்பாளி கழல மாட்டேங்குது, வீங்கியிருக்கு." நான், "விடுப்பா, கழுத்துதானே வேணும், எடு" என்றேன்.

ஆக, இது நான் படித்த படம். ஆய்வு விதிப்படி அப்போதே அதை ஒதுக்கியிருக்க வேண்டுமோ என்னவோ. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அன்றைக்கு நான் எப்படிப் படித்தேன் என்பது நன்றாக நினைவிருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நினைத்தபோது, காறை எலும்பு மார்போடு சேரும் இடத்தில் மயிரிழை போன்ற ஒரு முறிவைக் கண்டுபிடித்துச் சொன்னவள் நான். கீழே இருந்த டாக்டர், "எப்படி மேடம் இதைப் பார்த்தீங்க" என்று வியந்தார். அந்த முறிவை இப்போதும் பார்த்தேன். பழைய சிநேகிதியைப் பார்த்ததுபோல் இருந்தது. படிவத்தில் எழுதினேன். அடுத்த கட்டம், நுரையீரலின் உச்சி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரே படத்தைக் கணினியில் வேறு வேறு வெளிச்சத்தில் பார்க்கலாம். எலும்புக்கு ஒரு வெளிச்சம், நுரையீரலுக்கு ஒரு வெளிச்சம். எலும்பு வெளிச்சத்தில் நுரையீரல் ஏறக்குறைய வெறும் கறுப்பாகத்தான் தெரியும். விசைப்பலகையில் ஒரே ஒரு விசையைத் தட்டினால் மாறிவிடும். படிவம் கேட்கிறதே என்று தட்டினேன்.

காறை எலும்புக்கு ஒரு விரல் கீழே, இடது நுரையீரலின் உச்சியில், வேர்க்கடலைப் பருப்பளவு ஒரு முடிச்சு. ஓரங்கள் வழவழப்பாக இல்லை, முள் முள்ளாக இருந்தன. முள் முள்ளாக இருப்பது நல்லதில்லை என்று முதல் வருட மாணவிக்கும் தெரியும்.

விசையை மறுபடி தட்டினேன். எலும்பு வெளிச்சம், கறுப்பு, ஒன்றுமில்லை. தட்டினேன். முடிச்சு. நான் பெருமைப்பட்ட முறிவும் இதுவும் ஒரே படத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. முறிவைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு நான் அந்த விசையைத் தொடவே இல்லை. எங்கள் தொழிலில் இது புதிதல்ல. ஒன்று கிடைத்தவுடன் தேடுவது நின்றுவிடும். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, நானே மாணவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பு எடுத்திருக்கிறேன், எப்போதும் வேறு யாரோ செய்கிற தப்பாக நினைத்துக்கொண்டு.

ஐந்து மாதம். ஐந்து மாதத்தில் அந்த வேர்க்கடலை என்னவாக ஆகியிருக்கும்? அந்த மனிதர் இருமுகிறாரா? இருக்கிறாரா? மூன்று நாற்காலி தள்ளித் தலைவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் "சர்" என்று சொல்ல வேண்டியதுதான். பத்து அடி தூரம் இருக்காது.

நான் சொல்லவில்லை.

ஏன் என்று இன்றுவரைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பயம், வேறொன்றும் இல்லை. பூட்டைத் திறந்தால் என் பெயர் வரும். கழுகுக் கண், மிசல் பாவ் விருந்து எல்லாம் நினைவுக்கு வந்தது. வழக்கு வரலாம், வேலை போகலாம், பத்திரிகையில் வரலாம் என்று மனம் ஓடியது. அதே நேரத்தில் ஒரு தந்திரமும் தோன்றியது. இந்தப் படத்தை நான் மட்டும் படிக்கப் போவதில்லையே, அந்த இளையவனும் படிக்க வேண்டும். அவன் இதுவரை இந்தக் கட்டைத் தொடவில்லை, அடுத்த சனிக்குள் முடிப்பான். அவன் கண்டுபிடித்துச் சொல்லட்டும். அப்போது அது ஆய்வு கண்டுபிடித்த விஷயமாக இருக்கும், நான் என்னைப் பற்றி நானே சொன்னதாக இருக்காது. ஒரு வாரம்தானே, முடிச்சு ஒரு வாரத்தில் ஓடிவிடாது என்று மருத்துவக் காரணம் வேறு சொல்லிக்கொண்டேன். ஒரு படத்தை இரண்டு பேர் படிப்பது ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்கத்தான். நான் அதை ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தினேன். அந்தப் படிவத்தை மேற்கொண்டு நிரப்பாமல் கட்டின் அடியில் செருகினேன்.

அந்த வாரம் நான் பட்ட பாடு நாய் படாத பாடு. ஞாயிற்றுக்கிழமை சமையலில் உப்புப் போட்டேனா என்று மூன்று தடவை ருசி பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து என் மூன்று நிமிடம் பதினைந்து நிமிடமாயிற்று. எல்லாப் படத்திலும் எல்லா வெளிச்சத்தையும் தட்டினேன். தட்டத் தட்ட எல்லா இடத்திலும் ஏதோ இருப்பதுபோல் தெரிந்தது. ரத்தக்குழாய் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அதையும் முடிச்சு என்றேன். வாய் பேசுவதை நிறுத்திக்கொண்டு, அறிக்கைகளில் "இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது" என்று எழுதத் தொடங்கினேன். நான் மற்றவர்களைக் கேலி செய்த வாக்கியம் அது. கேசுவால்டி டாக்டர் போனில் கத்தினார்: "மேடம், இருக்கா, இல்லையா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க!" வயிற்று வலி என்று வந்த கல்லூரிப் பெண் ஒருத்திக்கு, முதல் ஸ்கேனில் எதுவும் இல்லாதபோதே இரண்டாவது ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். அதிலும் ஒன்றும் இல்லை. அந்தக் கதிர்வீச்சு அவளுக்குத் தேவையே இல்லை. என் பயத்துக்கு நான் அவளை மருந்தாக்கினேன்.

பழைய பதிவேட்டில் தேடினால் ஜூன் மாதத்து அந்த ஆளின் பெயரும் போன் நம்பரும் கிடைத்திருக்கும். தேடவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் அவர் ஆளாகிவிடுவார், அப்புறம் என்னால் தூங்க முடியாது என்று நினைத்தேன். தூங்கியது மாதிரி!

புதன்கிழமை காலையில் என் கணவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஹிஞ்சேவாடியில் வேலை, கம்பெனி கேப் ஏழேகாலுக்குக் கீழே வந்துவிடும். மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. இருவருக்கும் சொந்த ஊர் கோயமுத்தூர். புனேக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் வீட்டுக்குள் அந்தப் பேச்சுத்தான்.

"ஏனுங்க, உங்க ஆபீஸ்ல ஒருத்தரு பண்ணுன தப்ப அவரே கண்டுபிடிச்சா என்ன பண்ணுவாருங்க?" என்றேன்.

"இன்ன எடத்துல தப்பு இருக்குதுன்னு டிக்கெட் போடுவாரு. யாரு எழுதுன புரோகிராம் கோடுன்னு எவன் பாக்கறான்? சரி பண்ணுனாச் செரி."

"போடாம வுட்டுட்டா?"

"கூட வேல பாக்கறவன் போடுவான். எப்பிடியும் வெளிய வந்துரும்." லேஸ் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ஏம்புள்ள, அந்த ஒருத்தரு நீதானா?"

"உங்க கோடுக்கு இருமல் வராது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். எதற்கெடுத்தாலும் அவர் மேல் பாய்வது என் வழக்கம் என்பதால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"என்னமோ ஒண்ணு. மனசுல வெச்சுக்கிட்டு மூணு நாளாப் பேயறைஞ்சாப்பல சுத்தற. போயிச் சொல்லிப்போடு" என்றார். கீழே கேப் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

அன்றைக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்துவிடும், இளையவன் படித்துவிடுவான் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவன் தன் கட்டை முடித்துத் தலைவரின் மேஜையில் வைத்துவிட்டு வந்து சோம்பல் முறித்தான். நான் காத்திருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கேன்டீனுக்குப் போகலாமா என்று கேட்டான்.

"அந்தக் காதுல வளையம் போட்ட கழுத்துப் படம் பாத்தியா?" என்றேன். கேட்கக் கூடாதுதான், விதிக்கு விரோதம். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"பாத்தேன் மேடம். அருமையான கேஸ். காறை எலும்புல ஹேர்லைன் முறிவு. யாரோ விட்டுருப்பாங்கன்னு நினைக்கிறேன், நான் புடிச்சிட்டேன்." கண்ணில் அதே சந்தோஷம்.

"நுரையீரல் உச்சி?"

"நார்மல்தானே? டிக் போட்டேனே." கொஞ்சம் யோசித்தான். "உண்மையச் சொல்லணும்னா மேடம், அந்தக் கட்டங்களை எல்லாம் கடைசியில மொத்தமா டிக் போட்டுருவேன்."

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஜூன் மாதத்தில் நான் செய்ததை அப்படியே அவன் செய்திருந்தான். அவன் கேன்டீனுக்குப் போய்விட்டான். நான் அந்த இருட்டறையில் தனியாக நின்றேன். அப்போது வந்த பயம் நான் அதுவரைக்கும் அறியாத பயம். வழக்கு, வேலை, பெயர் எதுவும் அதில் இல்லை. முதல் தடவை நான் விட்டேன். இரண்டாவது தடவை இவன் விட்டுவிட்டான். இரண்டு படிவமும் ஒத்துப்போனால் தலைவர் அந்தப் படத்தைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். நான் அடியில் செருகிய படிவத்தில் "நார்மல்" என்று எழுதிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. அந்த மனிதரின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். அவருக்கே தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எப்போதும் தெரியப் போவதில்லை. பேனா கையில் இருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எழுதிவிடலாம் என்று தோன்றியது. அந்த நொடிக்காக நான் இன்னும் என்னைக் கண்டு பயப்படுகிறேன்.

தலைவரின் அறைக்கு ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன். "சர், ஒரு முடிச்சு. முதலில் விட்டது நான்தான். இப்போது நம் இளையவனும் விட்டுவிட்டான்" என்றேன். அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். விசையைத் தானே தட்டினார். வெகுநேரம் பார்த்தார்.

"எப்போது பார்த்தாய்?"

"இப்போதுதான், சர்" என்றேன்.

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். படிவத்தில் தேதி போட இடமில்லை. யாரும் சரிபார்க்க முடியாது. அவர் என் தோளைத் தட்டி, "சொன்னாயே, அது போதும். விடுவது எல்லோருக்கும் நடக்கும்" என்றார். அலமாரியைத் திறந்து பட்டியலை எடுத்தார். முப்பத்து நான்கு வயது. புனேக்கு வெளியே தளேகாவில் வீடு, அங்கேயே தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தலைவரே போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓர் ஆண் குரல், "ஹலோ" என்றது. உயிரோடு இருக்கிறார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பழைய ஸ்கேன் பற்றிப் பேச வேண்டும், நாளைக்கே வர முடியுமா என்று தலைவர் பக்குவமாகக் கேட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வருகிறேன் என்றார் அவர்.

லோகல் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்து, பதினொரு மணிக்கு மனைவியோடு வந்து சேர்ந்தார். கையில் எங்கள் மருத்துவமனையின் பெரிய உறை, ஜூன் மாதத்து ஸ்கேன். வலது காதின் மேல்மடலில் அந்த வளையம். ஒல்லியான மனிதர், சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டை. தலைவர் என்னைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியதும் கும்பிட்டார். அவர் மனைவி, "இந்த மேடம்தான் அந்த எலும்பு முறிவக் கண்டுபிடிச்சது, டாக்டர் அன்னிக்கே சொன்னாரு" என்று அவரிடம் மராத்தியில் சொன்னாள். அவர் உடனே இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார், நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

நானே சொல்கிறேன் என்று தலைவரிடம் முன்னாலேயே அனுமதி கேட்டு வாங்கியிருந்தேன். என் மராத்தி காய்கறிக் கடைக்குப் போதும், இதற்குப் போதாது. இருந்தாலும் மராத்தியில்தான் சொன்னேன். திரையில் காட்டினேன். எலும்பு வெளிச்சம். பிறகு விசையைத் தட்டினேன்.

"இது அன்னிக்கே இருந்துச்சு. நான் பாக்கல."

"என்ன அது?" என்றாள் மனைவி.

"இன்னும் தெரியாது. டி.பி.யா இருக்கலாம். மோசமான கட்டியா இருக்கலாம். புதுசா ஒரு ஸ்கேன் எடுக்கணும், ஊசி வெச்சுக் கொஞ்சம் எடுத்துப் பாக்கணும். உடனே பண்ணணும்."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் மெதுவாக, "அன்னிக்கு ஒரே மழை மேடம். கேசுவால்டியில எத்தன பேரு கெடந்தாங்க, நானே பாத்தேன். அவசரத்துல விட்டுப்போச்சு. மனுஷங்கதானே" என்றார். என்னை அவர் தேற்றினார். தலைவர் பெருமூச்சு விட்டு உறையை மூடினார்.

அப்போது அந்த மனிதர் கேட்டார்: "இது எப்பத் தெரிஞ்சது மேடம்?"

சந்தேகத்தில் கேட்கவில்லை. சும்மா கேட்டார். எனக்கு முந்திக்கொண்டு தலைவர் பதில் சொன்னார்: "நேத்து. தெரிஞ்ச அஞ்சு நிமிஷத்துல உங்களுக்குப் போன் பண்ணிட்டோம்." அந்த மனிதர் சரி என்று தலையாட்டினார். அத்தோடு முடிந்திருக்கும். நான் பேசாமல் இருந்திருந்தால் போதும், பொய்கூட நான் சொன்னதாகாது. ஆனால் அவர் என்னைத் தேற்றியிருந்தார். அதை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியவில்லை.

"இல்ல" என்றேன். "அதுக்கு முந்தின சனிக்கிழமையே தெரியும். பயத்துல சொல்லல."

தலைவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. அவர், அந்த மனிதர், விரல்விட்டு எதையோ எண்ணினார். சனி, ஞாயிறு, திங்கள் என்று உதடு அசைந்தது.

"புதன்கிழமதான் வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்தேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பக்கத்து ஊரான சாக்கனில் வேறு தொழிற்சாலையில் இடம் கிடைத்திருந்ததாம், கொஞ்சம் பெரிய வேலை. அங்கே சேருவதற்கு மெடிக்கல் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே உண்டு, இந்த முடிச்சோடு அதில் தேற முடியாது. பழைய இடத்தில் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது, குடும்பத்துக்கே. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு வெள்ளிக்கிழமையே அதைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். மனைவி அதுவரைக்கும் அழவில்லை. இதை அவர் சொல்லும்போது அழத் தொடங்கினாள்.

"அந்தச் சனிக்கிழமையே சொல்லியிருந்தீங்கன்னா நான் எழுதிக் குடுத்திருக்க மாட்டேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "பாக்காம விட்டது வேற, மேடம்."

பிறகு தலைவரைப் பார்த்துக் கேட்டார்: "இதை வேற டாக்டர் யாராச்சும் பாப்பாங்களா?"

நான் திரைக்கு முன்னால் இருந்த நாற்காலியிலிருந்து எழுந்து, வெளியே வராந்தாவில் போய் நின்றேன்.

அது மோசமான கட்டிதான். ஆனால் இன்னும் பரவியிருக்கவில்லை. சாக்கனில் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. பழைய தொழிற்சாலையிலும் மறுபடி சேர்க்கவில்லை, தலைவர் நேரில் போய்ப் பேசியும். அரசு மருத்துவமனையில் வரிசையில் காத்திருந்து, பிப்ரவரியில் அறுவை சிகிச்சை நடந்தது. தலைவர் என்னை ஆய்விலிருந்து நீக்கினார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். படிவத்தில் புதிதாகத் தேதிக்கும் நேரத்துக்கும் இரண்டு கட்டங்கள் சேர்த்தார்.

அறுவை முடிந்து சில வாரம் கழித்து ஒரு நாள் மத்தியானம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தளேகாவுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தாள். யார் என்று சொன்னேன். பின்னால் குக்கர் விசில் அடிப்பதும், ஓர் ஆண் யாரென்று கேட்பதும் கேட்டது. அவள் போனைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள், அப்படித்தான் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"நல்லா இருக்காரு, தாயி. நடக்கறாரு, சாப்பிடறாரு. ஆனா உங்ககிட்டப் பேச மாட்டேங்கறாரு."

சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.